படைக்கு மேலே யார்?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானும் அதற்கே ஆயத்தமாகியிருந்தேன். ஆனால் சென்ற மாதம் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு வட்டத்தில் ஓர் இளைஞர் எழுப்பிய வினா, என் தலைப்பையே மாற்றிவிட்டது. அவர் படைக்கு ஆள் சேர்க்கும் முகாமை எதிர்நோக்கி, விடியற்காலையில் ஜமுனாமரத்தூர்ச் சாலையில் 1600 மீட்டர் ஓடிப் பழகுகிறவர். அவர் கேட்டார்: “ஐயா, பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர்தான் தலைமை ஏற்கிறார். மருத்துவமனைக்கு மருத்துவர்தான் தலைமை ஏற்கிறார். பாதுகாப்பு அமைச்சர் பதவியில் மட்டும் துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர் ஏன் அமர வேண்டும்? ஓய்வு பெற்ற தளபதி ஒருவரை அமர்த்தினால் என்ன குறைந்துவிடும்?”

நல்ல வினா. அன்று அரைகுறையாக விடை கூறினேன். வீட்டுக்குப் போன பின்னும் அவ்வினா என்னை விடவில்லை. இன்று முழுமையாக விடை கூற முயல்கிறேன்.

இது டெல்லியில் இருப்பவர்கள் பேச வேண்டிய பொருள், சவ்வாது மலையில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று யாரும் எண்ண வேண்டா. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கொருவர் என்று படைக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. நம் இனத்தைச் சேர்ந்த எத்தனையோ குடும்பங்கள் முதன்முதலாக மாதச் சம்பளம் என்பதைக் கண்டதே படைவேலையால்தான். ஆகவே படையை நாம் இகழ்ந்து பேசுவதில்லை. படைக்கு மேலே யார் இருக்கிறார் என்பதே நமது வினா. அதன் விடையில் நம் வாழ்வும் அடங்கியிருக்கிறது.

என் பெரியப்பாவைப் பற்றி ஒரு செய்தி சொல்லித் தொடங்குகிறேன். மலையடிவாரச் சேரி ஒன்றிலிருந்து படைக்குச் சென்று, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அவர். 1971ஆம் ஆண்டுப் போரின்போது பணியில் இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உட்புறத்தில், செய்தித்தாளிலிருந்து கத்தரித்த படம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வெள்ளைக் கதர் உடுத்திய ஒருவர் நடுவில் நிற்பார். சுற்றிலும் பதக்கங்கள் அணிந்த அதிகாரிகள் விறைப்பாக நிற்பார்கள். நான் சிறுவனாக இருந்தபோது, “நடுவில் நிற்பவர் யார் பெரியப்பா?” என்று கேட்டேன். “ஜெகஜீவன் ராம். நம்ம ஆளுடா. எங்களுக்கெல்லாம் மந்திரி” என்றார். “இத்தனை பெரிய அதிகாரிகளும் அவருக்கா சல்யூட் அடிக்கிறார்கள்?” என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சல்யூட் நாற்காலிக்குத்தான்டா. ஆனா அந்த நாற்காலியில அவரை உட்கார வெச்சது துப்பாக்கி இல்ல, ஓட்டு” என்றார்.

எட்டாம் வகுப்புக்கு மேல் படியாத அவர் சொன்ன அந்த ஒரு வரியைத்தான், பி.ஏ., பி.எட். படித்த நான் இன்று உங்களுக்கு விரித்துரைக்கப் போகிறேன்.

பாபு ஜெகஜீவன் ராம் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பீகார் மாநிலத்தில் ஆரா நகருக்கு அருகிலுள்ள சந்த்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை சோபிராம் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் பணியாற்றியவர். ஆரா நகரப் பள்ளியில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானையும் இசுலாமியர்க்கு ஒரு தண்ணீர்ப் பானையும் இருந்தன. சிறுவன் ஜெகஜீவன் முதற்பானையில் நீர் அருந்தியதால் சலசலப்பு எழுந்து, தீண்டப்படாதவர்க்கென மூன்றாவது பானை ஒன்று வைக்கப்பட்டது. அச்சிறுவன் அதை உடைத்தான். மீண்டும் வைத்தார்கள். மீண்டும் உடைத்தான். இறுதியில் தலைமையாசிரியர் மூன்றாவது பானையே வேண்டா என்று முடிவு செய்தார். நானும் ஒரு தலைமையாசிரியன் என்பதால் அம்மனிதரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பானையை உடைத்த அச்சிறுவன் 1946ஆம் ஆண்டு இடைக்கால அரசில் தொழிலாளர் துறையை ஏற்றார். 1970ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அடுத்த ஆண்டே வங்கதேசப் போர் வந்தது. 1971 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய போர், டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவோடு முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் சிறைப்பட்டனர். அப்போரை நடத்திய அமைச்சகத்தின் தலைமையில் இருந்தவர் ஒருநாளும் படைச் சீருடை அணியாதவர். நம்மவர்.

“அப்படியானால் போரை நடத்தியது தளபதிகள்தாமே?” என்று கேட்கலாம். ஆம், களத்தில் நடத்தியவர்கள் தளபதிகளே. தரைப்படைத் தலைவர் மானெக்‌ஷா அவ்வாண்டு ஏப்ரலில், மழைக்காலம் நெருங்குகிறது, படை ஆயத்தமாக இல்லை, காலம் வேண்டும் என்று அமைச்சரவையிடம் உரைத்ததாகப் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். போருக்கு எப்போது ஆயத்தமாக முடியும், எவ்வழியில் முன்னேறலாம் என்பவற்றைச் சொல்வது படைத்தலைவரின் தொழில். போர் வேண்டுமா, வேண்டாமா, எதற்காக, எதுவரையில் என்று முடிவு செய்வது மக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட அரசின் தொழில். டாக்கா வீழ்ந்த அன்றே, மேற்கு முனையில் போரை நிறுத்துவதாக இந்திய அரசு தானாகவே அறிவித்தது. வெற்றி கையில் இருக்கும்போது “போதும்” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு நாட்டின் ஆட்சிமுறையைக் காட்டும் உரைகல் எனலாம்.

நம் வள்ளுவரும் படையை அரசுக்குரிய ஆறு உறுப்புகளில் ஒன்றாகவே வைத்தார். படையின் பெருமையைத் தனி அதிகாரங்களில் பாடியவர், படையை அரசனாக வைக்கவில்லை.

இனி, அமைச்சரின் வேலை யாது என்பதைப் பார்ப்போம். அவர் பீரங்கி சுடுவதில்லை. படைக்கு எவ்வளவு பணம் என்று நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெறுகிறார். வாங்கிய ஆயுதத்துக்குக் கணக்குச் சொல்கிறார். தலைமைப் பதவிகளுக்கான நியமனங்களில் பங்கேற்கிறார். தவறு நேர்ந்தால் எழுந்து நின்று விடை சொல்கிறார். அவரும் அமைச்சரவையும் மக்களவைக்குப் பொறுப்புடையவர்கள் என்று அரசமைப்புச் சட்டத்தின் 75ஆவது பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 53ஆவது பிரிவு, முப்படைகளின் தலைமை அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அது சட்டத்தின்படியே செலுத்தப்பட வேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கிறார். அமைச்சரவை மக்களவையின் நம்பிக்கையில் நிற்கிறது. மக்களவை நம் விரல் மையில் நிற்கிறது. இதுவே அந்த ஏணி. அதன் அடிப்படியில் இருப்பவர்கள் நாம்.

இளைஞரின் உவமையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளியின் கணக்கையும் நடைமுறையையும் ஆராய ஒரு குழு அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று வரை அப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவரையே அக்குழுவின் தலைவராக்கினால் என்ன ஆகும்? பள்ளியைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அங்குள்ளவர்கள் எல்லாரும் அவருடைய நண்பர்கள், சீடர்கள், அல்லது பழைய பகைவர்கள். அவர் செய்த ஏற்பாடுகளே ஆராயப்பட வேண்டியவை. நான் என்னையே வைத்துச் சொல்கிறேன். என் பள்ளியை நானே ஆராய்ந்தால், உள்ளதை உள்ளபடி சொல்ல என் மனம் எளிதில் இடம் தராது. அறிவுக் குறைவு அதற்குக் காரணமன்று. நெருக்கமே காரணம்.

தளபதியே அமைச்சரும் ஆனால் என்ன நேரும் என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. பாகிஸ்தானில் அயூப் கான் 1951ஆம் ஆண்டு தலைமைத் தளபதி ஆனார். 1954ஆம் ஆண்டு, தளபதிப் பதவியில் இருந்துகொண்டே பாதுகாப்பு அமைச்சராகவும் அமர்ந்தார். ‘விவரம் அறிந்தவர்தானே, இருக்கட்டும்’ என்று அன்று எண்ணியிருப்பார்கள். 1958ஆம் ஆண்டு அக்டோபரில் அவரே நாட்டின் தலைவராகிவிட்டார். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் அந்நாட்டில் 1970 டிசம்பரில்தான் நடந்தது. அத்தேர்தலின் முடிவையும் அன்றைய இராணுவ ஆட்சியாளர் யாகியா கான் ஏற்கவில்லை. வாக்கின் முடிவைத் துப்பாக்கி மறுத்ததால் நாடு இரண்டாயிற்று. நாமோ 1952 முதல் 1971 வரையில் ஐந்து பொதுத்தேர்தல்களைக் கண்டுவிட்டோம்.

நம் நாட்டில் இது தானாக நிலைபெற்றுவிடவில்லை. படிப்படியாகக் கட்டப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் தலைமைத் தளபதி, வைசிராய்க்கு அடுத்த பெருமையுடன் இருந்தார். 1905ஆம் ஆண்டு தளபதி கிச்சனருடன் ஏற்பட்ட பூசலில் வைசிராய் கர்சனே பதவி விலக நேர்ந்தது. விடுதலைக்குப் பின் டெல்லியில் தலைமைத் தளபதி குடியிருந்த பெருமாளிகை, 1948ஆம் ஆண்டு பிரதமரின் இல்லமாயிற்று. அதுவே தீன்மூர்த்தி பவன். 1955ஆம் ஆண்டு தலைமைத் தளபதி என்ற பட்டமே நீக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு தரைப்படைத் தலைவர் திம்மையா, அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட பிணக்கால் விலகல் கடிதம் கொடுத்தார். பிரதமர் நேரு அவரை இணங்கவைத்து அதைத் திரும்பப் பெறச் செய்தார். பின்னர், குடியாட்சியின் அதிகாரமே மேலானது, அதுவே நீடிக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குடியாட்சி மேலானது என்பதால் அமைச்சர் சொல்வதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. 1962ஆம் ஆண்டு சீனப் போரில் நாம் பட்ட அடிக்கு, தொழில் அறிந்த தளபதிகளின் எச்சரிக்கைக்குச் செவி கொடாததும், நியமனங்களில் விருப்பு வெறுப்புக்கு இடம் தந்ததும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆனால் அதன் பின் நடந்தது யாது? நாடாளுமன்றம் கொதித்தது. மேனன் பதவி விலகினார். சவான் பொறுப்பேற்றார். தவறிய அமைச்சரை நாம் இறக்க முடிந்தது. துப்பாக்கியோடு நாற்காலியில் அமர்ந்தவர் தவறினால் அவரை யார் இறக்குவது? பாகிஸ்தானில் அயூப் கான் 1969 வரையில் இருந்தார். அவர் போனபோதும் வந்தவர் மற்றொரு தளபதியே.

நம் நாட்டின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, ஓய்வு பெற்ற பின் 1971ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். அதன் பின்னரும் நாடு அவரைப் போற்றிற்று. 1986ஆம் ஆண்டு பீல்டு மார்ஷல் என்னும் உயர்பட்டமும் வழங்கிற்று. வீரனை மதிப்பது வேறு, ஆள்பவனைத் தேர்ந்தெடுப்பது வேறு என்பதை நம் மக்கள் அறிந்திருந்தனர்.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே 1947ஆம் ஆண்டுச் சட்டம், படையிலிருந்து விலகிப் பத்தாண்டுகள் கழியாத அதிகாரி பாதுகாப்புத் துறைச் செயலர் ஆகக் கூடாது என்று விதித்தது. அங்கே செயலர் என்பது நம் அமைச்சர் பதவிக்கு நிகரானது. 2008ஆம் ஆண்டு அக்காலம் ஏழாண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் விலக்குப் பெற்றவர் இருவர்; முன்பு பெற்றவர் ஒருவர். ஆக, நாடாளுமன்றம் தனி விலக்கு அளித்தது மூன்று முறையே: 1950இல் ஜார்ஜ் மார்ஷல், 2017இல் ஜேம்ஸ் மாட்டிஸ், 2021இல் லாயிட் ஆஸ்டின்.

இம்மூன்றாமவரிடத்தில்தான் என் நெஞ்சு தடுமாறுகிறது. உங்கள் நெஞ்சும் தடுமாற வேண்டும். லாயிட் ஆஸ்டின் கறுப்பினத்தவர். அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். ஆனால் நான்கு நட்சத்திரத் தளபதியாக இருந்து 2016இல்தான் ஓய்வு பெற்றவர். ஐந்தாண்டுகள்கூட நிறையவில்லை. அவருக்கு விலக்கு அளிக்கலாமா என்ற வாக்கெடுப்பில் மேலவையில் 69 பேர் ஆதரித்தனர், 27 பேர் எதிர்த்தனர். கீழவையில் 326 பேர் ஆதரித்தனர், 78 பேர் எதிர்த்தனர். விலக்கு கிடைத்த பின், அவரை நியமிக்க மேலவையில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. அஃதாவது, ‘இம்மனிதர் தகுதியானவர், ஆனால் இவ்விதியைத் தளர்த்தக் கூடாது’ என்று கருதியவர்கள் பலர் இருந்தனர்.

நாம் அங்கே இருந்தால் எப்படி வாக்களித்திருப்போம்? நூற்றாண்டுகளாக மூடியிருந்த கதவு திறக்கும்போது, ‘விதிப்படி இன்னும் ஈராண்டு பொறுங்கள்’ என்று சொல்ல நமக்கு மனம் வருமா? விதிகள் எப்போதும் நம் முறை வரும்போதுதான் நினைவுக்கு வருகின்றன என்று நம்மில் ஒருவர் குமுறினால், அக்குமுறலில் பொய்யில்லை. நான் பல நாள் இதை எண்ணிப் பார்த்தேன். என் விடை இது: ஆஸ்டின் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, ஆயினும் அவ்விதி தளர்ந்ததில் மகிழ்ச்சி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆஸ்டின் தளபதியாக உயர முடிந்ததே எதனால்? அந்நாட்டுப் படையில் கறுப்பினத்தவர் தனிப் பிரிவுகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1948ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன், இன வேறுபாடின்றிச் சமமாக நடத்த வேண்டும் என்று ஆணையிட்டார். தரைப்படைத் தலைமையிலிருந்தே தயக்கமும் எதிர்ப்பும் எழுந்தன. ஆயினும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் ஆணை மேலே நின்றது. ஆஸ்டின் பிறந்தது 1953இல். அவர் பிறக்கும் முன்பே அவருக்கான கதவைத் திறந்தது, தளபதிகளுக்கு மேலே இருந்த குடியாட்சி அதிகாரமே.

நம் வரலாறும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் மதராஸ் படையிலும் பம்பாய்ப் படையிலும் நம் இனத்தார் பெருந்தொகையாகப் பணியாற்றினர். பின்னர் ‘போர் மரபினர்’ என்றொரு கொள்கை கிளம்பிற்று. சில சாதியாரே வீரர், மற்றவர் கோழைகள் என்பது அதன் சாரம். அதை வலுவாகப் பரப்பியவர்களுள் ஒருவர் ராபர்ட்ஸ் என்னும் தளபதி. அவர் 1881 முதல் மதராஸ் படைக்கும், 1885 முதல் 1893 வரையில் இந்தியப் படை முழுமைக்கும் தலைமை வகித்தவர். தென்னாட்டு வீரர்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. மகர்கள் படையில் சேர்வது நிறுத்தப்பட்டது. ஓய்வு பெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1890களில் விண்ணப்பம் எழுதினார். கேட்பார் இல்லை. ஏன்? அன்று நமக்கு வாக்கு இல்லை. படைக்கு மேலே நம் குரலைக் கேட்கும் ஆட்சி இல்லை.

மகர் ரெஜிமெண்ட் மீண்டும் எழுந்தது 1941ஆம் ஆண்டு. அன்று வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அமர்ந்து அதற்காக வாதாடியவர் யார்? அண்ணல் அம்பேத்கர். அவரும் ஒரு படைவீரரின் மகனே. அவருடைய தந்தை சுபேதார் ராம்ஜி, படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். அண்ணல் பிறந்ததே மோவ் என்னும் படைக்குடியிருப்பில். படையின் அருமையை அறிந்த அப்பெருமகன்தான், அரசமைப்புச் சட்ட வரைவுக்குழுத் தலைவராக இருந்து, படையைச் சட்டத்துக்குக் கீழே நிறுத்தும் ஏட்டை நமக்குத் தந்தார். 1949 நவம்பர் 25ஆம் நாள் ஆற்றிய இறுதியுரையில், அரசியலில் தனிமனிதர் மீது பக்தி கொள்வது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரித்தார். பதக்கம் அணிந்த மார்பைக் கண்டால் நமக்கு எளிதில் பக்தி வந்துவிடும். அதனால் அவ்வெச்சரிக்கை இங்கே இருமடங்கு பொருந்தும்.

ஆகவே தோழர்களே, ஒதுக்கப்பட்டவனுக்குக் கதவை மூடியது தளபதியின் கருத்து. திறந்தது குடியாட்சியின் கை. ஆயுதம் உள்ளவர்களே ஆள்வது என்று வந்துவிட்டால், ஆயுதம் இல்லாதவன், நிலம் இல்லாதவன், உறவுப் பின்புலம் இல்லாதவன் என்ன செய்வான்? நம்மிடம் இருப்பது எண்ணிக்கையும் ஏட்டறிவும்தான். வாக்குப்பெட்டியில் மட்டுமே பெருநிலக்கிழாரும் நாமும் ஆளுக்கொன்று.

சீருடை ஒன்றே நம்மை உயர்த்திவிடும் என்று எண்ணவும் வேண்டா. என் பெரியப்பா விடுமுறையில் சீருடையோடு வந்து இறங்கிய நாளில், வழியில் ஒரு தேநீர்க் கடையில் அவருக்குத் தனிக் குவளையில்தான் தேநீர் வந்தது. அதைத் தொடாமல் வைத்துவிட்டு, ஏழு கல் தொலைவு பெட்டியைச் சுமந்து நடந்தே வீடு வந்தார். எல்லையைக் காத்த சீருடை அக்குவளையை மாற்றவில்லை. அதை மாற்றியது 1955ஆம் ஆண்டுச் சட்டமும், அச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போராடிய நம் மக்களுமே.

ஜெகஜீவன் ராமுக்கே நேர்ந்ததைக் கேளுங்கள். 1977இல் அவர் மீண்டும் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். 1978ஆம் ஆண்டு ஜனவரியில் வாரணாசியில் சம்பூர்ணானந்தரின் சிலையைத் திறந்து வைத்தார். அவர் கை பட்டதால் சிலை தீட்டாயிற்று என்று மேல்சாதியார் சிலர் கங்கை நீரால் கழுவினர். முப்படைத் தலைவர்களும் வணங்கி நின்ற கை அது. சாதி கழுவப் பார்த்தது. அரசமைப்பு வணங்கச் செய்தது. இவ்விரண்டில் எதை நாம் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது இளைஞரின் வினாவுக்கு நேர் விடை. நம் நாட்டில் அமெரிக்காவைப் போன்ற விதி இல்லை. ஓய்வு பெற்றவர் தேர்தலில் நிற்கலாம், அமைச்சரும் ஆகலாம். படையில் மேஜராக இருந்து 1966இல் விலகிய ஜஸ்வந்த் சிங், 2001ஆம் ஆண்டு சில மாதங்கள் பாதுகாப்புத் துறையைக் கூடுதல் பொறுப்பாக வகித்தார். இடையே முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் நாடாளுமன்ற வாழ்வில் ஊறியவராகியிருந்தார். அதில் குறை காண மாட்டேன். ஆனால் தளபதியாக ஓய்வு பெற்ற எவரும் இதுவரை அத்துறையின் முழுப் பொறுப்பு அமைச்சராக அமர்ந்ததில்லை. நம் தமிழகத்திலிருந்து சென்ற கோபாலசாமி ஐயங்கார், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், நிர்மலா சீதாராமன் ஆகியோரும் படையினர் அல்லர். இவ்வழக்கம் நல்லது. நேற்றுச் சீருடை களைந்தவர் இன்று அமைச்சராகக் கூடாது என்று ஒரு கால எல்லையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. இல்லையெனில், பணியில் இருக்கும்போதே வருங்கால நாற்காலியை எண்ணிக் கட்சித் தலைவர்களுக்கு இசைவாக நடக்கும் ஆசை தளபதிகளுக்குத் தோன்றக்கூடும். அது படைக்கும் கேடு, ஆட்சிக்கும் கேடு.

படைத்துறை அறிவு அமைச்சருக்கு வேண்டாமா? வேண்டும். அதற்காகவே முப்படைத் தலைவர்கள் அருகில் இருக்கிறார்கள். 2020 ஜனவரி முதல் பாதுகாப்புப் படைகளின் தலைமைத் தளபதி என்ற பதவியும் ஏற்பட்டுள்ளது. அவர் அறிவுரை கூறுகிறார். முடிவு அமைச்சரவையினுடையது. அறிவுரையை வெளிப்படையாகக் கேட்டு, ஏற்றாலும் மறுத்தாலும் பொறுப்பைத் தானே சுமப்பவர்தாம் நல்ல அமைச்சர்.

கடல் கடந்த நம் இனத்தார் வாழும் இலங்கையையும் ஒரு கணம் எண்ணுங்கள். படையிலிருந்து விலகிய கோத்தபய ராஜபக்சே 2005 முதல் 2015 வரையில் பாதுகாப்புச் செயலராக இருந்தார். 2019இல் குடியரசுத் தலைவர் ஆனார். தேர்தலில் வென்றே வந்தார் என்பது உண்மை. ஆனால் வந்த பின் குடியியல் பதவிகள் பலவற்றில் படையினரையும் ஓய்வு பெற்ற படையினரையும் அமர்த்தினார். கட்டளைக்குப் பழகியவர்கள் நாட்டை நேராக்கிவிடுவார்கள் என்று பலர் நம்பினர். 2022ஆம் ஆண்டு அரிசிக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஜூலையில் அவர் நாட்டை விட்டே வெளியேறினார். அணிவகுப்பு வேறு, ஆட்சி வேறு.

மாணவியர்க்கு ஒரு சொல். 2022 ஜூலை 25ஆம் நாள் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற திரௌபதி முர்மு அவர்கள், ஒடிசாவின் சந்தாலிப் பழங்குடியில் பிறந்தவர். ஆசிரியையாகப் பணியாற்றியவர். இம்மலையில் நம்மோடு வாழும் பழங்குடி மக்களைப் போன்ற ஒரு குடும்பத்துப் பெண், அப்பதவியால் முப்படைகளின் தலைமை ஆனார். 1999இல் கார்கில் போர் நடந்தபோது அவ்விடத்தில் இருந்தவர் நம்மவரான கே.ஆர். நாராயணன். இவர்கள் எவரும் படை நடத்தி அங்கே போகவில்லை. பள்ளிக்கூடத்தின் வழியாகப் போனார்கள். பெண் அதிகாரிகளுக்குத் தரைப்படையில் நிலையான பணி உண்டு என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்ததும் நீதிமன்றமே.

இளைஞர்களே! படையில் சேர விரும்புவோர் சேருங்கள். சாலையில் ஓடுங்கள், மாலையில் வந்து படியுங்கள். சீருடை அணிந்திருக்கும் வரையில் கட்சியில் சேர உங்களுக்கு உரிமையில்லை. வாக்களிக்க உரிமை உண்டு. அத்தடை உங்களைத் தாழ்த்துவதன்று. உங்கள் கையிலுள்ள துப்பாக்கி எக்கட்சிக்கும் உரியதாகிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. ஓய்வு பெற்று வந்த பின் ஊராட்சிக்கு நில்லுங்கள், சட்டமன்றத்துக்கு நில்லுங்கள். ஆனால் பதக்கத்தைக் காட்டி வாக்குக் கேளாதீர்கள். செய்யப்போகும் பணியைச் சொல்லிக் கேளுங்கள்.

படைக்குப் போகாதவர்கள், எல்லை காப்பது அவர்கள் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் சங்கத்தின் நூலகத்தில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் படி இருக்கிறது. 53, 74, 75 ஆகிய மூன்று பிரிவுகளை மட்டுமாவது இம்மாதத்துக்குள் படித்துவிடுங்கள். ஒரு பக்கம்கூட வராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவ்விளைஞரே எழுந்து நின்று அவற்றை மற்றவர்க்கு விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பெரியப்பா இன்று இல்லை. அவருடைய டிரங்குப் பெட்டி என் வீட்டில் இருக்கிறது. படம் மஞ்சள் பூத்து, ஓரம் சுருண்டுவிட்டது. ஆயினும் நடுவில் நிற்பவரின் முகம் இன்னும் தெரிகிறது. அதன் ஒரு படியை எடுத்துச் சட்டமிட்டு, நம் படிப்பு வட்டத்தின் சுவரில் மாட்டுவதற்காக இன்று கொண்டு வந்திருக்கிறேன். அதை ஏற்றுக்கொள்ளுமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன்.

 வளர்க நம் சங்கம்! ஓங்குக கல்வி!